பொருள்: ஒலியளவு, உரப்பு, பெருக்கம் – உதவிப் பக்கத்துக்குச் சொல் வேண்டும்

[செவ்வாய் இரவு – ஒருங்கிணைப்பாளர், கோவை]

அனைவருக்கும் வணக்கம்.

இசை இயக்கியின் (மியூசிக் பிளேயர்) உதவிப் பக்கங்களில் "சத்தம் குறைவாகக் கேட்கிறது அல்லது கேட்கவே இல்லை" என்ற பகுதி மட்டும் தமிழாக்காமல் நிற்கிறது. வெள்ளி நள்ளிரவோடு சரங்களை (மொழிபெயர்க்க வேண்டிய வரிகளை) இனி மாற்ற முடியாதபடி பூட்டிவிடுவார்கள். தவறவிட்டால் அடுத்த வெளியீடுதான்.

இப்போதுள்ள கோப்பில் வால்யூம், லவுட்னெஸ், கெயின், லெவல் நான்குக்கும் "ஒலியளவு" என்றே போட்டு வைத்திருக்கிறோம். பொத்தான்களில் அது உறுத்தவில்லை. உதவிப் பக்கத்தில் இப்படி வந்து நிற்கிறது:

> ஒலியளவு இயல்பாக்கம் இயங்கினால் ஒலியளவு குறையலாம். முன் ஒலியளவை உயர்த்தி ஒலியளவைச் சரிசெய்யவும்.

இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. வால்யூம், லவுட்னெஸ், கெயின், பிரீஆம்ப், நார்மலைசேஷன், கிளிப்பிங், மியூட் ஆகிய ஏழுக்கும் தனித்தனிச் சொல் தேவை. கருத்துச் சொல்லுங்கள்.

---

[புதன் காலை – இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்]

வணக்கம்.

இதில் பாதிச் சொற்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. லவுட்னெஸ் என்றால் உரப்பு. ஒலியின் சிறப்பியல்புகள் என்று பிள்ளைகளுக்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்றைப் படிப்பிக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூலிலும் உரப்பு உண்டு. கடல் தாண்டி இரு பக்கமும் ஒத்துப்போகிற சொல் அரிதாகத்தான் கிடைக்கும், அதைக் கைவிட வேண்டாம்.

கெயினுக்கு நாங்கள் சொல்வது நயம். விரியலாக்கியின் வோல்ற்றளவு நயம் என்று உயர்தரத்தில் படித்த எவருக்கும் விளங்கும். தமிழ்நாட்டில் அம்பிளிஃபயரைப் பெருக்கி என்றும் கெயினைப் பெருக்கம் என்றும் எழுதுகிறீர்கள். பெருக்கம் என்றால் கூடுவது மட்டும்தானே? இந்தப் பக்கத்தில் கெயின் பெரும்பாலும் கழித்தல் குறியோடுதான் வருகிறது. "கழித்தல் 8 டெசிபெல் பெருக்கம்" என்று எழுதினால் என் மாணவர்கள் கேள்வி கேட்பார்கள். நயத்துக்கு அந்த முரண் இல்லை.

---

[புதன் மதியம் – ஒலிப்பதிவுப் பொறியாளர், சென்னை]

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பிரித்துக்கொண்டால் நல்லது. ஒரு பாட்டு காதுக்கு வந்து சேர்வதற்குள் அதன் அளவு பல இடங்களில் மாறுகிறது. கோப்பில் பதிந்த அளவு முதலில். அடுத்து இயக்கி அதோடு கூட்டுவதோ கழிப்பதோ, அதுதான் கெயின். பிறகு இயக்கியின் சறுக்கி (ஸ்லைடர்), இயங்குதளத்தின் சறுக்கி, கடைசியாக ஸ்பீக்கரில் உள்ள திருகு. மாடித் தொட்டி வால்வைப் பாதி மூடிவிட்டுக் குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்தாலும் தண்ணீர் சன்னமாகத்தான் விழும். சத்தம் வரவில்லை என்று கேட்கிறவர்களில் பெரும்பாலோர் குழாயை மட்டும் திருகிக்கொண்டிருப்பவர்கள். எந்த வால்வைத் திற என்று நம் சொல் அவருக்குக் காட்ட வேண்டும்.

லினக்ஸில் ஆல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியைத் திறந்தால் சறுக்கியின் அடியில் இரண்டு "எம்" தெரியும். அது மியூட், சைபர் சைபர் என்றிருந்தால் திறந்திருக்கிறது. எம் விசையை அழுத்தினால் மாறும். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருளில் "ஃபிளாட் வால்யூம்ஸ்" என்று ஓர் அமைப்பு. அது இயங்கினால் ஒரு செயலியின் சறுக்கியை ஏற்றும்போது மொத்த இயங்குதளத்தின் அளவும் சேர்ந்து ஏறும், ஹெட்போனில் திடீரென்று காதைப் பிளக்கும். அமைப்புக் கோப்பில் அதற்கு "வேண்டாம்" என்று எழுதினால் சரியாகும். விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்தே ஒவ்வொரு செயலிக்கும் தனிச் சறுக்கி உண்டு. அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பும் தானாகவே இயக்கத்தில் இருக்கும். வால்யூம் முழுக்க வைத்தும் பாட்டு அமுங்கிக் கேட்கிறது என்றால் முதலில் அங்கே பார்க்க வேண்டும்.

ரீப்ளேகெயின் 2001-இல் முன்மொழியப்பட்டது. பாட்டுக்குப் பாட்டு உரப்பைக் கணக்கிட்டு, எத்தனை டெசிபெல் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று கோப்பின் குறிப்புப் பகுதியில் எழுதி வைக்கும் முறை. கோப்பின் ஒலியைத் தொடாது. அறுபதுகளின் படப் பாட்டுக்கு அடுத்து இன்றைய படப் பாட்டு வந்தால் கை தானாகச் சறுக்கியைத் தேடுகிறது அல்லவா, அதற்கான மருந்து இது, நார்மலைசேஷன் என்பதும் இதைத்தான். இன்றைய பாட்டுகளை உச்சி முட்டப் பதிகிறோம், அதனால்தான் யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன கழித்தல் குறி.

அதையும் மீறி பிரீஆம்பை, அதாவது அந்தக் கணக்குக்கு மேல் எல்லாப் பாட்டுக்கும் பொதுவாகக் கூட்டும் அளவை, ஏற்றினால் கிளிப் ஆகும். 16 பிட் ஒலியில் 32767-க்கு மேல் எண் கிடையாது. அலை அதற்கு மேல் போக முயன்றால் உச்சி தட்டையாகிவிடும். எங்கள் பக்கம் இதற்கு "கிழியுது" என்பார்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரும் அதையே சொல்வார். கிழிசல் என்று போடலாமே? யாருக்கும் விளக்க வேண்டாம்.

---

[புதன் இரவு – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்]

அன்பர்களுக்கு வணக்கம்.

ஏழு சொற்களைத் தேடுகிறீர்கள். அடிப்படைச் சொல்லே வழுவாக இருப்பதை யாரும் நோக்கவில்லை. ஒலியின் அளவு என்றால் தமிழ் இலக்கணத்தில் மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அளபெடை என்பதில் உள்ள அளபு காலத்தையே குறிக்கிறது, உரத்தை அன்று. ஆகவே "ஒலியளவு" என்று காணும் ஒருவர் பாட்டு எத்தனை நிமிடம் என்று பொருள்கொள்வதே முறை.

உரத்தைக் குறிக்க நம்மிடம் சொல் இல்லையா? எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நன்னூலார் குரலின் வேறுபாட்டைப் பகுத்தார். எடுத்தல் என்றால் உயர்த்தி ஒலித்தல், படுத்தல் என்றால் தாழ்த்தி ஒலித்தல். "எடுப்பான குரல்" என்று இன்றும் பேச்சில் வழங்குகிறோம். கெயினுக்கு "எடுப்பு" என்றும், கழித்தல் குறி வந்தால் "படுப்பு" என்றும் கொண்டால் நயமும் வேண்டாம், பெருக்கமும் வேண்டாம். பிரீஆம்ப் முன்னெடுப்பு ஆகும்.

உரப்பு குறித்து ஒரு தயக்கம். உரப்புதல் என்றால் அதட்டுதல். அகராதி பாருங்கள்.

கிழிசல் என்பது துணிக்கு உரியது. ஒலிக்கு வேண்டாம்.

---

[புதன் நள்ளிரவு – இசை மாணவி, சென்னை]

ஐயா, எடுப்பு எங்கள் பக்கம் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. தாளத்தில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அது எடுப்பு. பல்லவியை எடுப்பு என்றும், அனுபல்லவியைத் தொடுப்பு என்றும், சரணத்தை முடிப்பு என்றும் சொல்லும் வழக்கமும் உண்டு. இசை இயக்கியிலேயே "எடுப்பு: கழித்தல் 8" என்று பார்த்தால் பாட்டு எட்டு அட்சரம் தள்ளித் தொடங்குகிறதோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

நன்னூலில் அது சுருதியா உரமா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

---

[வியாழன் காலை – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்]

நல்ல வினா. வலிவு, மெலிவு, சமன் என்ற மூன்று இசைத் தானங்களிலும் இதே மயக்கம் உண்டு. வலிவு என்றதும் உரம் என்று நினைப்போம். அது தாரத் தானம், சுருதியைச் சேர்ந்தது. பழந்தமிழர் உயர்ந்த ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே சொல்லால் சுட்டினர் என்றே கருதுகிறேன். "கீழ்க்குரலில் பேசு" என்று இன்றும் சொல்கிறோம், சத்தத்தைக் குறை என்ற பொருளில்.

எடுப்பை வலியுறுத்தவில்லை. ஆனால் நார்மலைசேஷனுக்கு வள்ளுவர் வாயிலாகவே சொல் இருக்கிறது. சமன்செய்து சீர்தூக்கும் கோல் என்கிறார் 118-ஆம் குறளில். "ஒலி சீர்தூக்கல்" எனலாம்.

---

[வியாழன் காலை – ஒலிப்பதிவுப் பொறியாளர், சென்னை]

ஐயா, அந்தக் குறளில் அடுத்து வருவதைப் பாருங்கள். ஒருபால் கோடாமை. துலாக்கோல் ஒரு பக்கம் சாயாமல் நிற்பது எங்களுக்கு பேலன்ஸ், இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் உள்ள சமநிலை. இதே உதவிப் பக்கத்தில் "ஒரு காதில் மட்டும் கேட்கிறது" என்று அதற்குத் தனிப் பத்தி இருக்கிறது. சீர்தூக்கலை அங்கே வைத்துக்கொள்வோம், அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. நார்மலைசேஷனுக்குக் கொடுத்தால் பேலன்ஸுக்குச் சொல் இருக்காது. ஈக்குவலைசர் ஏற்கெனவே "சமன்செய்வி" ஆகிவிட்டதால் சமன் என்ற பக்கமே நெரிசல்.

---

[வியாழன் மதியம் – ஒருங்கிணைப்பாளர், கோவை]

நிலத்தில் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு ஒரே மட்டமாக்குவதை எங்கள் ஊரில் நிரவுவது என்போம். நார்மலைசேஷன் செய்வதும் அதுதான், உரத்த பாட்டைத் தாழ்த்துகிறது, மெல்லிய பாட்டை உயர்த்துகிறது. "உரப்பு நிரவல்" என்று வைத்தால்? இயல்பாக்கம் எதைச் செய்கிறது என்று சொல்வதில்லை, நிரவல் சொல்கிறது.

---

[வியாழன் மதியம் – இசை மாணவி, சென்னை]

நிரவலும் எங்களுடையது! ஒரு சாகித்திய வரியை எடுத்து, தாளத்துக்குள் பல விதமாக விரித்துப் பாடுவது. கச்சேரிப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களின் பாட்டுப் பெயர்களிலேயே அந்தச் சொல் வரும். ஆனால் "உரப்பு நிரவல்" என்று சேர்த்தே எழுதினால் மயக்கம் வராது என்று ஒப்புக்கொள்கிறேன். தனியாக "நிரவல்" என்று பொத்தானில் போடாதீர்கள்.

---

[வியாழன் மாலை – திரைபடிப்பான் பயனர், திருச்சி]

நான் கண் பார்வை இல்லாதவன். இந்தப் பக்கத்தைச் சத்தத்தோடுதான் படிப்பேன், அதனால் ஒலி போனால் முதலில் திண்டாடுவது நாங்கள். மூன்று செய்திகள் சொல்ல வேண்டும்.

மியூட்டுக்குச் சில பழைய கோப்புகளில் "ஊமையாக்கு" என்று இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். பேச முடியாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், ஒரு குறைபாட்டின் பெயரைப் பொத்தானுக்கு வைக்கக் கூடாது. "ஒலியடக்கு" போதும்.

தமிழ்ப் பேச்சுப்பொறியின் குரலில் உரப்பும் உறைப்பும் வேகமாகப் படித்தால் எனக்குப் பிரித்துக் கேட்கவில்லை. "ஒலி உரப்பு" என்று முன்னால் ஒலியைச் சேர்த்தால் தெளிவாகக் கேட்கிறது.

மூன்றாவது, ஒலியளவை மாற்றவே வேண்டாம். பழகிய சொல் அது. இயக்கியைத் திறந்ததும் "ஒலியளவு 40 சதவீதம்" என்று கேட்டே கை தானாக அம்புக்குறிக்குப் போகிறது. இலக்கணப்படி அது மாத்திரையாகவே இருக்கட்டும், எங்களுக்கு அது அந்தச் சறுக்கியின் பெயர்.

---

[வியாழன் இரவு – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்]

திருச்சி அன்பருக்கு. ஊமை பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் நியாயம். ஒலியடக்கு செம்மையான சொல்.

ஒலியளவு பற்றிய என் கருத்து மாறவில்லை. 1916-இல் சேலத்தில் இராசாசியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே சங்கம் கண்ட நாள் முதல், "பழகிவிட்டது" என்பதும் "பிழை" என்பதும் மோதிக்கொண்டேதான் வருகின்றன. பழகியதை எல்லாம் ஏற்றால் சவுண்டு என்றே எழுதிவிடலாம்.

---

[வியாழன் இரவு – ஒலிப்பதிவுப் பொறியாளர், சென்னை]

எழுதலாம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஐயா. மரியாதையோடு சொல்கிறேன். "சவுண்டு கம்மியா இருக்கு" என்று தேடுகிறவர் "ஒலி உரப்பு" என்று தேடமாட்டார். அவர் அந்தப் பக்கத்துக்கே வந்து சேராவிட்டால் எந்தச் சொல்லும் அவருக்கு உதவாது. தலைப்பிலாவது சத்தம், சவுண்டு இரண்டையும் வையுங்கள்.

---

[வெள்ளி காலை – ஒருங்கிணைப்பாளர், கோவை]

நேரம் இல்லை, எனவே இப்படி ஏற்றுகிறேன். வால்யூம்: ஒலியளவு. லவுட்னெஸ்: ஒலி உரப்பு. கெயின்: பெருக்கம். பிரீஆம்ப்: முன்பெருக்கம். நார்மலைசேஷன்: உரப்பு நிரவல். மியூட்: ஒலியடக்கு. பேலன்ஸ் இப்போதைக்குச் சமநிலை, சீர்தூக்கலை அடுத்த வெளியீட்டில் பேசுவோம்.

கிளிப்பிங்கில் ஒத்த கருத்து இல்லை. அலையின் உச்சிக்கு முகடு என்று பாடநூலில் இருப்பதால் "முகடு வெட்டு" என்று போட்டு, உதவிப் பக்கத்தில் "ஒலி கிழிவதுபோல் கேட்டால்" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். பக்கத் தலைப்பு "சத்தம் குறைவாகக் கேட்கிறதா?" சவுண்டு, தேடல் குறிச்சொல்லில் மட்டும்.

சிக்கலான வரி இப்போது இப்படி:

> உரப்பு நிரவல் இயங்கினால், உரக்கப் பதிந்த பாட்டுகள் தாழ்ந்து கேட்கும். முன்பெருக்கத்தைச் சிறிது உயர்த்துங்கள். ஒலி கிழிவதுபோல் கேட்டால் உடனே குறையுங்கள், அது முகடு வெட்டு.

---

[வெள்ளி மதியம் – இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்]

வரி நன்றாக விளங்குகிறது. பெருக்கத்தை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிவுசெய்து வையுங்கள். ரீப்ளேகெயின் விளக்கத்தில் "கழித்தல் 8 டெசிபெல் பெருக்கம்" அப்படியே நிற்கிறது. இலங்கைக்கான கோப்பில் நயம் என்று மாற்ற அனுமதி கிடைத்தால் இன்றிரவே நான் செய்து தருகிறேன், உரப்பு நிரவலைத் தொடமாட்டேன்.

---

[வெள்ளி மாலை – ஒருங்கிணைப்பாளர், கோவை]

அனுமதி தேவையில்லை ஐயா, இலங்கைக் கோப்பு உங்கள் பொறுப்பில் உள்ளதுதான். பத்து மணிக்கு முன் ஏற்றிவிடுங்கள்.