தஞ்சாவூரிலிருந்து என்ன வாங்கி வரட்டும்?

குழு: கும்பகோணத்துச் சொந்தங்கள்

சனிக்கிழமை

கவிதா, காலை 10:05
பெரிய கோயில் பார்த்தாயிற்று. இப்போது வெளியே கடைகளின் முன்னால் நிற்கிறோம். தீபாவின் ஆபீசில் ஆறு பேர், நம் வீட்டில் ஐந்து பேர், எதிர்வீட்டு அக்கா. எல்லாம் ஐயாயிரத்துக்குள் முடிய வேண்டும். தலையாட்டி பொம்மை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேருக்கும் அதையே வாங்கிவிடட்டுமா?

சுந்தரம் மாமா, காலை 10:07
கொஞ்சம் பொறும்மா. பொம்மையைப் படம் எடுத்து அனுப்பு.

கவிதா, காலை 10:08
[படம்]

சுந்தரம் மாமா, காலை 10:14
இது பிளாஸ்டிக். கையில் எடுத்துப் பார், அடியில் கனமே இருக்காது. நம் ஊர்ப் பொம்மைக்கு அடிப்பாகம் களிமண், பாதி உருண்டையாக இருக்கும். மேல்பாகம் காகிதக்கூழ், லேசானது. கனமெல்லாம் கீழே இருப்பதால்தான் எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்கிறது. இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகத்தைப் பார். கையால் எழுதிய கண்ணும் புருவமும் ஒன்றுக்கொன்று சிறிதாவது மாறும். அச்சு மாதிரி ஒரே முகம் என்றால் விட்டுவிடு.

கவிதா, காலை 10:21
நீங்கள் சொன்னது சரி மாமா. எல்லாம் ஒரே முகம். உள்ளே ஒரு கடையில் மண் பொம்மை இருக்கிறது, ராஜா ராணி ஜோடி. தூக்கினாலே வித்தியாசம் தெரிகிறது.

தீபா, காலை 10:30
அக்கா, என் ஆபீசுக்கு ஆளுக்கொன்று வேண்டாம். போன தடவை சாவிக்கொத்து பத்து கொண்டு வந்தேன். ஒருவர் கையிலும் அப்புறம் பார்க்கவில்லை. ஒரே ஒரு தோழிக்கு மட்டும் கும்பகோணத்துப் பித்தளை டபரா டம்ளர் கொடுத்தேன். மியூனிக்கில் அவள் வீட்டுக்கு எப்போது போனாலும் அதில்தான் காபி. எப்படி ஆற்ற வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன், இப்போது நன்றாகவே ஆற்றுகிறாள். ஆறு பேருக்கும் சேர்த்து நல்லதாக ஒன்று வாங்கு, ஆபீஸ் மேசையில் வைத்துவிடுகிறேன்.

பிரபு, காலை 10:41
அக்கா, தஞ்சாவூர் ஓவியம் வாங்குவதாக இருந்தால் என்னைக் கேட்டுவிட்டு வாங்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் நவநீத கிருஷ்ணன் படம் வாங்கினேன். அசல் தங்கத்தாள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் சட்டத்தைப் பிரித்தால் அச்சடித்த படம், அதன் மேல் பளபளப்புத் தாள். பலாப் பலகை என்றதும் பொய், பின்னால் இருந்தது அட்டை. அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கியது, அதனால் இன்னும் ஆறவில்லை.

சுந்தரம் மாமா, காலை 10:52
பிரபு, அதில் உன் தவறு ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குள் பார்த்தால் பழகியவர்களுக்கே சந்தேகம் வரும். கவிதா, படத்தைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பார். சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்துக் குழைத்து மேடு கட்டி, அதன் மேல்தான் தங்கத்தாள் ஒட்டுவார்கள். மேடு இல்லையென்றால் அது ஓவியம் இல்லை. ஆனால் ஐயாயிரத்துக்குள் பன்னிரண்டு பேர் என்றால் இந்தப் பயணத்தில் ஓவியமே வேண்டாம். மலிவாகத் தேடினால் பிரபுவுக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும். அதற்கென்று பணம் சேர்த்து, ஓவியர் வீட்டுக்கே போய், வேலை நடப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

அம்மா, காலை 11:03
கவிதா, நெட்டி வேலை பார்த்தாயா?

கவிதா, காலை 11:05
கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளையாகக் கோயில் கோபுரம் வைத்திருக்கிறார்களே, அதுவா அம்மா? தந்தமோ என்று நினைத்தேன்.

அம்மா, காலை 11:12
அதேதான். குளத்திலும் ஈர நிலத்திலும் வளருகிற செடி. தண்டின் மேல்தோலைச் சீவினால் உள்ளே வெள்ளையாகச் சோறு இருக்கும். அதைக் கத்தியால் நறுக்கி நறுக்கி ஒட்டிச் செய்வது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலைதான், சாயம் தோய்த்துப் பச்சையும் சிவப்புமாக வரும். உன் தாத்தா முதல் மாலையைச் சிவப்பிப் பசுவுக்குப் போடுவார். தீபா ஆபீசுக்கு அதைவிட நல்லது எது?

தீபா, காலை 11:15
அம்மா, இதை நீ எங்களிடம் சொன்னதே இல்லை. அக்கா, நெட்டியில் நந்தி கிடைத்தால் வாங்கு. மாலைக் கதையையும் அவர்களுக்குச் சொல்கிறேன்.

சுந்தரம் மாமா, காலை 11:20
எடை ஒன்றும் இருக்காது, ஆனால் அழுத்தினால் நொறுங்கும். பெட்டியோடு வாங்கிக் கைப்பையில் கொண்டு போ. நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு 2020இல் கிடைத்தது.

வசந்தா அத்தை, காலை 11:34
தஞ்சாவூர்த் தட்டும் பாருங்கள். பித்தளைத் தட்டில் வெள்ளியும் செம்பும் புடைத்த வேலை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த தட்டு இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சும்மா பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கல்யாணத்துக்கு உதவும்.

ஞாயிற்றுக்கிழமை

கவிதா, காலை 11:48
சுவாமிமலையில் ஒரு பட்டறைக்குள் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து வரவே மனம் இல்லை. ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து மடித்தே அளவு எடுக்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகில் உருவம். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்களாம். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். ஆதி கேட்டான், “உடைத்துவிட்டால் அடுத்ததற்கு என்ன செய்வீர்கள்?” “மறுபடியும் மெழுகிலிருந்துதான் தம்பி” என்றார்.

சுந்தரம் மாமா, பிற்பகல் 12:02
நெட்டி, பொம்மைக்கு மண், சிலைக்கு வண்டல் எல்லாமே காவிரித் தண்ணீர் பாய்கிற நிலத்திலிருந்து வருகிறவை. நாச்சியார்கோவில் விளக்கும் இந்த வண்டலில்தான் வார்ப்பு. அதனால்தான் நேற்று பிளாஸ்டிக் என்றதும் தடுத்தேன். எந்த ஊருக்குப் போனாலும் அந்த மண்ணும் தண்ணீரும் சேர்ந்ததாக ஒன்று வாங்க வேண்டும் என்பது என் ஆசை.

கவிதா, பிற்பகல் 12:06
விலை கேட்டோம். சின்னப் பிள்ளையாரே நம் கணக்கைத் தாண்டுகிறது. கொஞ்சம் குறைத்துக் கேட்கட்டுமா?

சுந்தரம் மாமா, பிற்பகல் 12:09
கேட்காதே அம்மா. வேலையை நேரில் பார்த்துவிட்டுப் பட்டறையில் விலை குறைக்கச் சொல்வது நன்றாக இருக்காது. அடுத்த வருடம் சேர்த்துக்கொண்டு வா. தீபா, நீயும் கேள். சிலையை வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதென்றால் புதுச் சிலைக்கும் ரசீது கையில் இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள், அதை நாம் கொண்டு போக முடியாது. விமான நிலையத்தில் சந்தேகப்பட்டு நிறுத்தலாம். தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிவிட்டால் கவலை இல்லை.

கவிதா, மாலை 4:37
நாச்சியார்கோவில் வந்தோம். எதிர்வீட்டு அக்கா இப்போதுதான் கிரகப்பிரவேசம் செய்தார், அவருக்குச் சின்னக் குத்துவிளக்கு எடுத்தோம். எடை போட்டுத்தான் விலை. கடைக்காரரே தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்க்கச் சொன்னார், தண்டைக் கழற்றித் திருகி மாட்டவும் சொல்லிக் கொடுத்தார். உச்சியில் அன்னம்.

வசந்தா அத்தை, மாலை 4:45
அன்னம் இருந்தால்தான் நாச்சியார்கோவில் விளக்கு. நல்ல கை, கவிதா.

கவிதா, இரவு 8:20
இன்றைய கணக்கு. தீபா ஆபீசுக்கு நெட்டி நந்தி. அத்தைக்கும் அம்மாவுக்கும் பிரபுவுக்கும் பித்தளை டபரா டம்ளர். ஆதிக்கு ராஜா ராணி பொம்மை. அக்காவுக்கு விளக்கு. ஐயாயிரத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது, பரவாயில்லை. பாட்டிக்கு மட்டும் இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. புடவை எடுத்தால் கட்டாமல் பீரோவில் வைத்துவிடுவார்.

அம்மா, இரவு 8:24
உன் பாட்டி கும்பகோணத்தில் நாற்பது வருடம் இருந்தவர். கோயம்புத்தூர் வந்த நாளிலிருந்து கேட்பது ஒன்றுதான். கொழுந்து வெற்றிலையும் சீவலும் வாங்கி வா.

கவிதா, இரவு 8:26
இதை எப்படி மறந்தேன்! காலையில் கிளம்பும்போது புதிதாக வாங்குகிறேன்.

அம்மா, இரவு 8:29
ஈரத்துணியில் சுற்றி, வாழை இலைக்குள் வைத்துக் கட்டு. காரில் வெயில் படுகிற பக்கம் வைக்காதே. துணி காய்ந்தால் வழியில் தண்ணீர் தெளி.

கவிதா, இரவு 9:10
[காணொளி] ஆதி ராணிப் பொம்மையைப் படுக்க வைத்துப் போர்த்திவிடுகிறான், அது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அரை மணி நேரமாக இதுதான் நடக்கிறது.

பிரபு, இரவு 9:14
அக்கா, எனக்கும் ஒரு ஜோடி வாங்கு. மண் பொம்மைதான்.

அம்மா, இரவு 9:31
பாட்டியிடம் சொல்லிவிட்டேன். வெற்றிலைப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார். சுண்ணாம்பும் வருகிறதா என்று கேட்கிறார்.

கவிதா, இரவு 9:33
வருகிறது என்று சொல் அம்மா.