ஆர்கோ பார்த்து ஏமாந்தவர்கள் வாங்க, ஒரு விஷயம் சொல்லணும்

கொழிஞ்சாம்பாறை கந்தன்:

ஆர்கோ கதை எல்லாருக்கும் தெரியும்: டெஹ்ரானில் கனடாக்காரர்கள் வீட்டில் ஒளிந்திருந்த ஆறு அமெரிக்கத் தூதரக ஆட்களை, 'ஆர்கோ' என்று இல்லாத ஒரு ஹாலிவுட் படத்தின் குழு என்று சொல்லி, அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ-வின் ஆள் ஒருவர் விமானத்தில் தப்பவைக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2013 பிப்ரவரியில் அதற்குச் சிறந்த படம் ஆஸ்கர் கிடைத்த சூட்டோடு பெரியப்பாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவர் ஈரானில் மன்னர் ஷா காலத்தில் ஆபதான் எண்ணெய் ஆலையில் வெல்டர். 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்களே, அதற்கு ஒரு மாதம் கழித்து அதே டெஹ்ரான் விமான நிலையம் வழியாக ஊர் வந்து சேர்ந்தவர். வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். படம் பார்த்தாலாவது ஏதாவது சொல்வார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

கடைசிக் காட்சி. விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கிறது, துப்பாக்கியோடு ஜீப்பில் துரத்துகிறார்கள், தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. பெரியப்பா சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. "சும்மா இருங்க பெரியப்பா" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

வெளியே டீக்கடையில் அவராகவே ஆரம்பித்தார். "எங்களை ஒருத்தனும் தொரத்தலை கண்ணு. கவுண்டர்ல இருந்தவன் பாஸ்போர்ட்டை வாங்கிட்டு உள்ள போனான். முக்கா மணி நேரம் வரலை. அந்தக் கதவையே பார்த்துட்டு நின்னேன். பச்சை பெயிண்ட், கீழ உரிஞ்சிருந்துச்சு." அவ்வளவுதான், டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் தேடிப் படித்தால், 1980 ஜனவரி கடைசியில் அந்த ஆறு பேர் கிளம்பினபோதும் யாரும் துரத்தவில்லை. காவல் படைக்காரர்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள் என்றுதான் அதிகாலை விமானமே பிடித்தார்கள். டிக்கெட்டும் முன்பே வாங்கியாயிற்று, படத்தில் வருவதுபோல் கடைசி நிமிடக் கூத்து எதுவும் இல்லை. நடந்தது ஒன்றே ஒன்று: விமானத்தில் ஏதோ கோளாறு என்று காக்க வைத்தார்கள். பொய்ப் பெயர், பொய்த் தொழில், பொய்ப் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்து ஒரு மெக்கானிக்குக்காகக் காத்திருப்பது, அதைவிடவா ஜீப்? இன்னொன்று, அவர்கள் ஏறிய ஸ்விஸ்ஏர் விமானத்தின் பெயர் ஆர்காவ். ஸ்விட்சர்லாந்தில் ஒரு மாநிலத்தின் பெயர். ஆர்கோ என்று இல்லாத படத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஆர்காவில் ஏறுகிறார்கள்! கதையில் எழுதினால் ரீல் என்பார்கள்.

உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது உண்டா?

நகரி தறிக்காரன்:

கந்தன், பெரியப்பா சிரித்ததில் தப்பில்லை, ஆனால் முக்கால் மணி நேரம் ஒரு கதவைக் காட்டினால் நீங்களே எழுந்து போயிருப்பீர்கள். எடிட்டிங்குக்கும் சேர்த்துத்தான் ஆஸ்கர் கொடுத்தார்கள், சும்மா இல்லை.

என் கதை வேறு. அந்த வருஷம் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் டிவிடி ஓடுகிறது. விமான நிலையத்தில் காவல்காரன் சந்தேகப்பட்டு ஹாலிவுட்டில் இருக்கும் போலி ஆபீசுக்குப் போன் போடுகிறான், அங்கே மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை... கரண்ட் போச்சு. நகரியில் கரண்ட் போனால் டிவி நிற்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள், தெரு முழுக்கத் தறிச் சத்தம் ஒரே நொடியில் நின்றுவிடும், காது அடைத்த மாதிரி இருக்கும். அந்த அமைதியில் மூன்று மணி நேரம் நானும் என் மச்சானும் அந்தப் போனை யார் எடுப்பார்கள் என்றே பேசிக்கொண்டிருந்தோம். மச்சான் சொன்ன முடிவில் ராங் நம்பர் எடுத்த ஒரு கிழவி எல்லாரையும் காப்பாற்றுகிறாள். கரண்ட் வந்தது, போட்டோம், அந்த ஆள் ஓடி வந்து போனை எடுத்துவிட்டான். "ப்ச், இவ்வளவுதானா" என்றான் மச்சான். கிழவி எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று. கிழித்துப் போட்ட காகிதத்தைச் சின்னப் பிள்ளைகள் ஒட்டிச் சேர்க்கும் காட்சி வருமே, அந்த விஷயம் நிஜம். தூதரகத்தில் நாரு நாராகக் கிழித்த ஆவணங்களைக் கம்பளம் நெய்கிறவர்களை உட்காரவைத்துச் சேர்த்தார்கள். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிறவனுக்குத்தான் அந்தப் பொறுமை வரும். தறிக்காரனாக அந்த ஒரு இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது, எதிரிப் பக்கம் என்றாலும்.

வேலந்தாவளம் பையன்:

கதவு போர் அடிக்கும் என்று தறிக்காரர் சொல்கிறார். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்டில் நின்றிருந்தால் சொல்லமாட்டார்.

கேரளா பாஸ் இருந்தால்தான் உள்ளே. பாஸ் இல்லாமல் நூற்றுக்கணக்கானவர்கள் வெயிலில் நின்றார்கள், செய்தியிலேயே வந்தது. என்னிடம் பாஸ் இருந்தது, அம்மாவும் வண்டியில். எங்கள் முறை வர நாலு வண்டி இருக்கும்போதுதான் பார்க்கிறேன், பாஸில் வண்டி நம்பரில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3. நான்தான் அடித்தேன், வேறு யாரைச் சொல்ல. அம்மாவிடம் சொல்லவில்லை. போலீஸ்காரர் போனை வாங்கிப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். "பொய்க்கோ" என்றார். மலையாளத்தில் போய்க்கோ என்று அர்த்தம், ஆனால் அந்த நேரத்தில் என் காதில் "பொய்" மட்டும்தான் விழுந்தது, கண்டுபிடித்துவிட்டார் என்று வண்டியை ஆஃப் செய்துவிட்டேன். பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் புரிந்தது.

வீட்டில் 14 நாள் தனிமை. அதில்தான் ஆர்கோ பார்த்தேன். ஜீப் வந்ததும் நிறுத்திவிட்டேன், இன்றுவரை முடிவைப் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்றவன்:

நான் அந்தப் படத்தில் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

இருந்தாலும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். உண்மைக் கதை என்று போட்ட படத்துக்குப் போகும்முன் அந்த விஷயத்தைப் படிக்காதீர்கள், படித்தால் மனம் ஒட்டாது. பார்த்த பிறகு கட்டாயம் படியுங்கள், இல்லையென்றால் படத்தில் வந்ததையே பேரனுக்கும் சொல்லிக்கொடுப்பீர்கள். விருது வாங்கிய படத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் போகவே கூடாது. கந்தன், பெரியவர்களைக் கூட்டிப்போனால் ஓரத்து சீட்டாக எடுங்கள், எழுந்து போகவர வசதி, சிரித்தாலும் ஒரு பக்கம்தான் ஆள் இருக்கும். தறிக்காரர் ஒரு இன்வெர்ட்டர் வாங்கலாம், தவணையில் கிடைக்கிறது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கக்கூடாது. வேலந்தாவளம் தம்பி, படிவத்தில் நம்பர் நிரப்பும்போது ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், நான் 31 வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தேன். அம்மாவிடம் இப்போதாவது சொல்லிவிடுங்கள். ஹாரன் அடித்தால் பதற்றப்பட வேண்டாம்.

மறையூர் லயம்:

இன்வெர்ட்டர் விற்க வந்தீர்களா சார்?

நீங்கள் எல்லாரும் ஜீப்பிலேயே நிற்கிறீர்கள். என்னை உறுத்துவது வேறு. அந்த ஆறு பேரில் சிலரைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் ஜான் ஷியர்டவுன் என்ற கனடாத் தூதரக அதிகாரி. படத்தில் அந்த மனிதரே இல்லை. ஆஸ்கர் மேடைக்கு இரண்டு மாதம் முன்னால்தான் செத்துப்போனார். பிரிட்டிஷ்காரர்களும் நியூசிலாந்துக்காரர்களும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று படத்தில் ஒரு வசனம், அதுவும் தப்பு, இரண்டு பேருமே உதவினார்கள். நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 2013-இல் தீர்மானமே போட்டார்கள். ஜிம்மி கார்ட்டரே, அந்தச் சம்பவம் நடந்தபோது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர், நூற்றுக்குத் தொண்ணூறு கனடா செய்த வேலை என்று சொன்னார்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு பக்கம் பெரியவாரைப் பாலம் போனது. அந்தப் பக்கம் எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கு அரிசி கொண்டுபோனது எங்கள் பையன்கள், கயிறு கட்டி, தலைச்சுமையாக. எங்கள் சித்தப்பா மகன் ஒரு மூட்டையோடு சறுக்கி முட்டி பெயர்ந்து வந்தான். மூன்று மாதம் கழித்துப் பாராட்டு விழா, மேடையில் பொன்னாடை வாங்கியவர் மழை நின்ற பிறகு காரில் வந்தவர். எங்கள் பையன் கீழே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். பொன்னாடை போர்த்தும்போது அவனும் கை தட்டினான், அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. ஆர்கோ கடைசியில் அந்த ஒற்றை சிஐஏ ஆளுக்கு மெடல் கொடுக்கிறார்கள் பாருங்கள், டிவியை அணைத்துவிட்டேன்.

நகரி தறிக்காரன்:

அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவு இன்னும் போர்தான்.

கொழிஞ்சாம்பாறை கந்தன்:

தறிக்காரரே, இருக்கட்டும்.

பெரியப்பா 2016-இல் போய்விட்டார். டீக்கடையில் நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளப்பிவிட்டேன். அவருடைய பழைய பாஸ்போர்ட் இப்போது என் பீரோவில் இருக்கிறது. கடைசி முத்திரை பாதி அழிந்து, பாரசீக எழுத்தில். வருஷமும் அவர்கள் கணக்கில்தான் இருக்கும்போல. இங்கே யாருக்காவது படிக்கத் தெரியுமா? போட்டோ எடுத்துப் போடுகிறேன்.

ஓய்வுபெற்றவன்:

பாஸ்போர்ட் நம்பரைக் காகிதம் வைத்து மறைத்துவிட்டுப் போட்டோ எடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம்.