எபிமரேஸுக்குத் 'திருப்பி' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

பாக்டீரியா நொதிகளைக் கொண்டு செய்யப்படும் அல்லுலோஸ், டேகடோஸ் போன்றவற்றுக்கு 'நுண்ணுயிர்ச் சர்க்கரை' எனத் தாங்கள் தமிழ்க் கலைச்சொல்லாக முன்மொழிந்ததை நான் ஏற்கத் தயங்குகிறேன். தயிரில் பாக்டீரியாவையும் சேர்த்தே உண்கிறோம். இங்கோ, பிரித்தெடுத்த நொதியைச் சிறு மணிகளில் பிடித்துவைத்து, அவற்றினூடே சர்க்கரைப் பாகை ஓடவிடுவதே வழக்கமான முறை என்பதால், உண்பவர் வாய்க்குப் பாக்டீரியா வருவதில்லை. இச்சொல்லைப் பொட்டலத்தில் கண்டால் காரைக்குடிக் கடையில் ஒருவரும் கையில் எடுக்கமாட்டார்கள். 'போலிச் சர்க்கரை' என்பதும் பிழை, ஏனெனில் இவை உண்மையான சர்க்கரைகளே. இயற்கையில் மிகக் குறைவாகக் கிடைப்பவை, அவ்வளவுதான். ஆகவே 'அருஞ்சர்க்கரை' போதும். (செட்டிநாட்டில் வெள்ளையாக இருப்பது சீனி என்பதால், 'அருஞ்சீனி' என்றால் விலை ஏறிவிட்டதோ என்று கேட்பார்கள்.)

உண்மையான சிக்கல், இச்சர்க்கரைகளை ஆக்கும் எபிமரேஸ் என்னும் நொதிவகைக்குத் தமிழ்ப்பெயர் காண்பதில்தான் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்தில் கென் இசுமோரி மண் பாக்டீரியாவொன்றில் கண்ட டேகடோஸ் 3-எபிமரேஸ், பழச்சர்க்கரையின் (ஃப்ரக்டோஸ்) மூன்றாம் கரியணுவிலுள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதியின் திசையை மட்டும் மாற்றி, அதை அல்லுலோஸ் ஆக்குகிறது. அணுக்களின் எண்ணிக்கையும் எடையும் அப்படியே இருக்க, சீனியில் ஏறத்தாழ 70 விழுக்காடு இனிப்பும், கிராமுக்கு 4 கலோரிக்குப் பதில் 0.4 கலோரியும் உள்ள வேறொரு பொருள் கிடைத்துவிடுகிறது.

நேற்று அப்பத்தா குழிப்பணியாரம் ஊற்றியபோது கவனித்தேன்: ஏழு குழிகளில் ஓரத்திலிருந்த ஒன்று மட்டும் முன்னதாகச் சிவந்துவிட, மற்ற ஆறையும் தொடாமல் கம்பியால் அதை மட்டும் புரட்டிவிட்டார். மூலக்கூறின் பல மையங்களில் ஒன்றை மட்டும் திருப்பும் எபிமரேஸின் வேலை இதுவேயல்லவா? தோசைத் திருப்பி என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லையே எடுத்து, 'திருப்பி நொதி' என்றும், டேகடோஸ் 3-எபிமரேஸை 'டேகடோஸ் 3-திருப்பி' என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து.

'மாற்றி' கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். 'மாற்றி' ஒருவழிப் பாதையைச் சொல்கிறது. இந்நொதியோ அல்லுலோஸை மீண்டும் பழச்சர்க்கரையாகவும் திருப்புவதால், இரண்டும் சமநிலைக்கு வரும்போது 100 பங்கில் ஏறத்தாழ 30 பங்கே அல்லுலோஸாக நிற்கிறது. மீதியைப் பிரித்து மறுபடி அனுப்பவேண்டியிருக்கிறது. தவிரவும், பாலிலுள்ள லாக்டோஸை உடைத்துப் பெறும் கேலக்டோஸை டேகடோஸாக்கும் அரபினோஸ் ஐசோமரேஸ் என்னும் நொதி எதையும் திருப்புவதில்லை. கார்பனைல் (C=O) தொகுதியை முதற்கரியிலிருந்து இரண்டாம் கரிக்கு நகர்த்துகிறது. அதற்கு 'மாற்றியமாக்கி' இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர் குழம்புவர்.

ஒரு தடை மட்டும் எனக்கே தோன்றுகிறது. ரேசிமேஸ் என்னும் மற்றொரு நொதிவகையும் திருப்பத்தான் செய்கிறது. ஆனால் அது வேலைசெய்யும் மூலக்கூறில் திருப்பத்தக்க மையம் பெரும்பாலும் ஒன்றே என்பதால், திரும்பியது ஆடிப் பிம்பமாகிவிடுகிறது. ஒற்றைக் குழிக் கல்லில் பணியாரம் சுடுவது போல. அதற்கு 'ஆடித்திருப்பி' எனலாமா என்பதைத் தாங்களும் குழுவினரும் சொல்லவேண்டும்.