மறு: சென்டர் பேக்: 'நடுத்தடுப்பாளர்' போதுமா?

> கால்பந்தில் கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நிற்கும் சென்டர் பேக்கின் வேலை தடுப்பது. எனவே 'நடுத்தடுப்பாளர்'. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா; நாம் தொகுப்பது கால்பந்துக் கலைச்சொல் பட்டியல். வேலையை வைத்துப் பெயரிட்டால், வேலை மாறும்போது பெயர் காலை வாரிவிடும்.

இன்றைய சென்டர் பேக்கின் முன்னோடியான 'சென்டர் ஹாஃப்', 1925 வரை நடுக்களத்து ஆள். பந்தை வாங்கி முன்னால் நிற்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர். அந்த ஆண்டு ஆஃப்சைடு விதி தளர்ந்தது. ஆஃப்சைடு ஆகாமல் பந்தை வாங்க, முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் வேண்டும் என்பது இருவரானது. கோல்கள் கொட்டின. பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல் அணி சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து எதிரணி சென்டர் ஃபார்வர்டோடு ஒட்டவைத்தது. அதில் பேர்போன ஹெர்பி ராபர்ட்ஸுக்குப் பட்டப்பெயரே 'போலீஸ்காரர்'. நம்மூர் மைதானங்களில் புழங்கும் 'ஸ்டாப்பர்' அந்த வேலைக்குப் பொருத்தமான பெயர்தான்.

இப்போது பொருந்தாது. காரணம் பெரும்பாலும் விதிகள். சக வீரர் வேண்டுமென்றே காலால் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்று 1992இல் வந்தது. அதுவரை நெருக்கடி என்றால் பின்னால் தட்டிவிட்டு மூச்சு வாங்கலாம். 2019இல் இன்னொன்று: கோல் கிக் பெனால்ட்டி கட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

இன்றைய கோல் கிக் ஒன்றைக் கவனியுங்கள். கோல்கீப்பருக்கு இருபுறமும் கட்டத்துக்குள்ளேயே இருவர். பந்து வந்ததும் ஒருவர் அதை உள்ளங்காலால் மிதித்தபடி அசையாமல் நிற்பார். எதிரணி ஆள் பாய்ந்து வரட்டும் என்று காத்திருக்கிறார். அவர் வந்த கணத்தில், விட்டுவிட்டு வந்த இடத்துக்குப் பந்து போகும். இவர் எதைத் தடுக்கிறார்?

> மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பவர் 1974 உலகக் கோப்பையிலேயே செய்ததுதானே?

செய்தார். ஆனால் முரட்டு வேலைக்குச் சக தடுப்பாட்டக்காரர் ஷ்வார்ட்சன்பெக் கூட இருந்தார். 2021இல் வெம்பிளியில் நடந்த யூரோ இறுதியிலும் அதே பங்கீடுதான். தன்னைத் தாண்டி ஓடப்போன இங்கிலாந்தின் சாக்காவின் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துச் சாய்த்து மஞ்சள் அட்டை வாங்கியவர் இத்தாலியின் கியெல்லினி. பக்கத்தில் நீண்ட பாஸுக்குப் பேர்போன பொனூச்சி.

புதிது என்னவென்றால், தடுப்பது, பந்து கொடுப்பது இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்கிறார்கள். 2006இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதை வென்ற இத்தாலியின் கன்னவாரோ, 176 செ.மீ. உயரத்தில், தடுத்தே பெயர் வாங்கியவர். அதே விருதில் 2019இல் இரண்டாமிடம் வந்த நெதர்லாந்தின் வான் டைக் தலையாலும் ஜெயிப்பார், மைதானத்தின் குறுக்கே எதிர் ஓரத்துக்கு அளந்து பந்தும் அனுப்புவார். 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மான்செஸ்டர் சிட்டியின் சென்டர் பேக் ஜான் ஸ்டோன்ஸ் நேராக நடுக்களத்துக்கே ஏறி ஆடினார்.

இதில் இழப்பும் உண்டு. பயிற்சியாளர் குவார்டியோலாவின் பாஸ் பாணியைப் பின்பற்றப்போய் இத்தாலியின் இளம் தடுப்பாட்டக்காரர்கள் ஆளைப் பிடிக்கவே மறந்துவிட்டார்கள் என்று 2017இல் கியெல்லினி குறைப்பட்டார். பாதியாவது உண்மை. அழகாகப் பாஸ் கொடுப்பவர், ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது ஆளை விட்டுவிட்டுப் பந்தையே பார்த்து நிற்பதை வாராவாரம் பார்க்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை: இடத்துக்கு 'மையப்பின்களம்', ஆடுபவர் 'மையப்பின்கள வீரர்'. முன்கள, நடுக்கள, பின்கள வீரர் என்று நாளிதழ்கள் எழுதுகிற வரிசையில் இது உட்காரும். 'நடு' சேர்த்தால் நடுக்களத்தோடு இடிக்கும். 'நடுப்பின்னர்' என்றால் நடுவுக்குப் பின்னர் என்ன என்று கேட்பார்கள். இடமும்தான் மாறியது என்று சென்டர் ஹாஃபைக் காட்டி யாராவது மடக்கலாம். மாறியதுதான், ஆனால் வேலை அதைவிட வேகமாக மாறுகிறது.

வகை பிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'தடுப்பவர்', 'தொடுப்பவர்'. கணை தொடுப்பதும் சரம் தொடுப்பதும் ஒரே வினை. நீண்ட பாஸ், குட்டிக் குட்டிப் பாஸ் இரண்டுக்கும் செல்லும். 'தொடுப்பாளர்' மட்டும் வேண்டாம். 'தொடுப்பு'க்கு ஊர்வழக்கில் என்ன பொருள் என்று இந்தக் குழுவில் விளக்கத் தேவையில்லை; வர்ணனையாளர் பாவம். ஆட்டத்தைப் பின்னாலிருந்து தொடங்குபவர் என்ற பொருளில் 'தொடக்க ஆட்டக்காரர்' எனலாமென்றால், அது கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

யாரையும் ஒட்டி நிற்காமல் பின்களத்தில் சுதந்திரமாக ஆடும் லிபெரோ அப்படியே இருக்கட்டும். பின்வரிசைக்கும் பின்னால் நின்று தப்பி வரும் பந்தைக் கூட்டித் தள்ளும் ஸ்வீப்பருக்குத் தனி இழை தொடங்குங்கள். வரைவுப் பட்டியலில் அதற்கு இருக்கும் 'கூட்டுநர்' கணக்குப் பாடத்திலிருந்து வந்தவர் மாதிரி இருக்கிறார். எனக்கு ஒப்புதல் இல்லை.