புதுப்பிப்பு: ஒன்றரை வயதுப் பிள்ளையின் வயிற்றோட்டம் 8ஆம் நாள் நின்றது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பிள்ளைக்கு வயிற்றோட்டம், ஜீவனி (நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கொடுத்தவுடன் சத்தி எடுக்கிறது, எத்தனை நாள் இப்படி இருக்கும் என்பதுதான் நான் முன்பு கேட்ட கேள்வி.

பலித்தது தேக்கரண்டிக் கணக்கு சொன்ன அக்காவின் வழி. சத்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. கோப்பையோடு குடிக்க விட்டதுதான் பிழை. தாகத்தில் மளமளவென்று குடித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். சத்தி 2ஆம் நாளே நின்றது. அதன்பின் ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போனதும் 50 முதல் 100 மில்லிலீற்றர்.

ஜீவனி பைக்கற் முழுவதையும் 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். கண்மட்டத்துக்குப் பாதி போட்டால் உப்பு கூடலாம் அல்லது குறையலாம், அது ஆபத்து. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

டொக்டர் சொன்னபடி சிங்க் 20 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை. வயிற்றோட்டம் நின்றாலும் 10 முதல் 14 நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். தாய்ப்பால், குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம் எதையும் நிறுத்தவில்லை.

எதிர்பாராதது செவ்விளநீர். திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அதில் சோடியம் குறைவு, ஜீவனிக்கு ஈடாகாது.

வயிற்றோட்டம் பெரும்பாலும் 5 முதல் 7 நாள், சிலருக்கு இரண்டு கிழமை வரை போகும். மலத்தில் இரத்தம், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, குழிந்த கண், கண்ணீரில்லாத அழுகை, சோர்ந்த தூக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வயிற்றோட்டத்தைக் கட்டும் குளிசை பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.