கார்பன் குழாயில் ஒட்டிய அலுமினிய இன்சர்ட் உருவிக்கொண்டு வருகிறது – என்ன செய்யலாம்?

புஷ்ராட்:
வணக்கம். கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு எங்கள் அணி கட்டும் வண்டியில், சஸ்பென்ஷன் புஷ்ராடை (சக்கரத்தின் சுமையை ஸ்பிரிங்குக்குக் கடத்தும் தண்டு) ஸ்டீலிலிருந்து கார்பன் ஃபைபர் குழாய்க்கு மாற்றுகிறோம். வெளிவிட்டம் 20, உள்விட்டம் 16 மி.மீ. 6061 அலுமினியத்தில் 15.9 மி.மீ. விட்டத்துக்கு இன்சர்ட் (குழாய் முனைக்குள் செருகும் உலோகத் துண்டு) கடைந்து, 30 மி.மீ. உள்ளே போகும்படி இரண்டு பாக எபாக்ஸியால் ஒட்டினோம். பரப்பு சுமார் 1,500 சதுர மி.மீ.; டேட்டா ஷீட்டில் பசையின் பலம் 30 மெகாபாஸ்கல். ஆக 45 கிலோநியூட்டன் வர வேண்டும். கல்லூரி யுடிஎம்மில் (இழுத்துப் பலம் பார்க்கும் இயந்திரம்) இழுத்தால் 6-லேயே உருவிக்கொண்டு வந்துவிட்டது. பசை முழுக்கக் குழாய்க்குள் இருக்கிறது, இன்சர்ட் பளபளவென்று இருக்கிறது. பசையை மாற்றுவதா, குறுக்கே ரிவெட் அடிப்பதா? சீனியர் ஒருவர் ரிவெட் என்கிறார்.

லேத்துக்காரன்:
தம்பி, பசை மேல் பழி போடாதீர்கள். "இன்சர்ட் பளபளவென்று இருக்கிறது" என்று நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். பசை நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் பலம் தீர்ந்தது என்று பொருள். ஒரு பக்கம் சுத்தமாக விட்டு வந்தால், அங்கே அது பிடிக்கவே இல்லை.

லேத்திலிருந்து வந்த பீஸில் கூலன்ட் எண்ணெய் இருக்கும். அதைப் பட்டறையில் கிடந்த பனியன் வேஸ்ட்டால் துடைத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். நேற்று அதே துணியில் யாரோ கிரீஸ் துடைத்திருப்பார்கள். புதுத் துணியும் அசிட்டோனும் எடுங்கள். முதலில் துடையுங்கள், பிறகுதான் உப்புத்தாள். வரிசையை மாற்றினால் எண்ணெயைக் கீறலுக்குள்ளேயே தேய்த்து ஏற்றியதாகிவிடும். 180 அல்லது 220 நம்பர் தாளால் பளபளப்பு முழுக்கச் சாகும் வரை தேய்த்து, துணியில் கறுப்பு வராத வரைக்கும் மறுபடி அசிட்டோன். அப்புறம் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். படலமாகப் பரவி நின்றால் சரி; முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. நன்றாக உலர்ந்ததும் தள்ளிப்போடாமல் ஒட்டுங்கள், அலுமினியம் காற்றுபட்டால் சும்மா இருக்காது. கையுறை போடாமல் தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

குழாயின் உள்பக்கமும் அப்படியே. கம்பியில் சுற்றித் தயாரித்த குழாய் என்றால் அச்சிலிருந்து கழற்றப் பூசிய மெழுகு உள்ளே ஒட்டியிருக்கும். பிளந்த குச்சியில் உப்புத்தாள் செருகி உள்ளே சுழற்றுங்கள். ரெசின் மினுக்கம் போனதும் நிறுத்திவிடுங்கள், இழையை அறுக்கக் கூடாது. முகமூடி போடுங்கள், அந்தத் தூள் நல்லதில்லை.

அடுத்தது இடைவெளி. 15.9 என்றால் பக்கத்துக்கு 0.05 மி.மீ.தான். உள்ளே தள்ளும்போதே பசை வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். 15.7-க்குக் கடையுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: 30 மி.மீ. அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.03 மி.மீ. நீளும்; நீளவாக்கில் கார்பன் இழை அசையவே அசையாது. அந்த இழுபறியைப் பசைதான் தாங்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் தடிமன் தேவை.

45 என்ற கணக்கை மறந்துவிடுங்கள். பசை முழு நீளத்திலும் சமமாகச் சுமை எடுப்பதில்லை, இரண்டு முனைகளில்தான் அதிகம் விழும். 1938-லேயே வோல்கர்சன் என்ற ஆய்வாளர் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார். அதனால் 30-ஐ 60 ஆக்கினாலும் பலம் இரட்டிக்காது. அதைவிட, இன்சர்ட்டின் உள்முனையைக் குடைந்து மெல்லிசாக்குங்கள். அது கொஞ்சம் வளைந்துகொடுத்தால் முனையில் விழும் சுமை குறையும்.

ரிவெட் வேண்டாம். ஓட்டை போட்டால் இழை அறுகிறது. பசை பிடித்திருக்கும் வரை ரிவெட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை, பசை விட்டபின் ஓட்டை கிழியும். சீனியரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சங்கிலி:
நான் சைக்கிள் ஃபிரேம் பழுதுபார்க்கிறவன். ஒன்று சேர்க்கிறேன். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டு, நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் பேட்டரி மாதிரிதான், அரிக்கப்படுவது அலுமினியம். கார்பன் குழாயை அலுமினிய லக்கில் (குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கும் இணைப்புத் துண்டு) ஒட்டிய பழைய ஃபிரேம்களில் மூட்டைத் திறந்தால் வெள்ளைப் பொடி கொட்டும். பசையில் கொஞ்சம் கண்ணாடி மணிகள் கலந்துவிடுங்கள், இரண்டும் தொடாது. ஒட்டும் இடத்தில் மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒரு சுற்று இருந்தால் இன்னும் நல்லது. பட்ஜெட் இருந்தால் டைட்டேனியம், இந்தத் தலைவலியே இல்லை.

புஷ்ராட்:
பனியன் வேஸ்ட் விஷயம் எப்படித் தெரிந்தது அண்ணா! இரண்டு சந்தேகம். மணிக்குப் பதில் தூண்டில் நரம்பு வைக்கலாமா? இரண்டாவது முனையை ஒட்டும்போது இன்சர்ட் மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது, அது ஏன்?

லேத்துக்காரன்:
0.15 நரம்பு கிடைத்தால் மூன்று துண்டு, 120 டிகிரிக்கு ஒன்றாக வையுங்கள். நடுவில் நிற்கும்.

தள்ளுவது உள்ளே சிக்கிய காற்று. ஒரு முனை ஏற்கெனவே அடைத்திருப்பதால் குழாய் சைக்கிள் பம்பாகிவிட்டது. அந்தக் காற்று பசையைத் துளைத்துக்கொண்டு வெளியேறினால் அந்த வழி காலியாகவே நின்றுவிடும். ராட் எண்ட் (தண்டின் முனையில் வரும் அசையும் மூட்டு) மாட்டும் மரை ஓட்டையை இன்சர்ட் முழுக்கப் போக விடுங்கள். இரண்டு பக்கமும் பசை தடவி, திருகியபடி நிதானமாகத் தள்ளுங்கள்.

அறைவெப்பத்தில் ஆறும் எபாக்ஸி பல, 50–60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்து வெயிலில் கறுப்புக் குழாய் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். டேட்டா ஷீட்டில் சொல்லியிருக்கும் சூட்டில் லேப் ஓவனில் வேகவைத்து எடுங்கள். பிறகு ஒவ்வொரு ராடையும், ஸ்பேர் உட்பட, ஓட்டத்தில் வரும் அதிகபட்ச சுமையைப் போல ஒன்றரை மடங்குக்கு யுடிஎம்மில் இழுத்துவிட்டுத்தான் வண்டியில் மாட்ட வேண்டும்.