மூணு மாசம் நிறுத்தப்போற மினி டிராக்டர்: கிளட்ச் ஒட்டாம இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: மூணு சிலிண்டர் டீசல், 24 ஹெச்பி. மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில்தான் நிக்கும். போன தடவை கிளட்ச் ஒட்டிக்கிச்சு, பேட்டரியும் இறங்கிடுச்சு. வாரம் ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டா போதுமா?

பதில் 1: கிளட்ச் பெடலை முழுசா அமுக்கி, மரக்கட்டையால முட்டு கொடுங்க. சில மாடல்ல அதுக்குன்னே கொக்கி இருக்கும். அமுக்காம விட்டா, கிளட்ச் தட்டோட ரெண்டு பக்கமும் இருக்குற ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் ஈரத்துல துருப்பிடிச்சு அந்தத் தட்டைப் பிடிச்சுக்கும். பின்னாடி மாட்டுற ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறுற கருவி) தூக்கி வைக்காதீங்க, தரையில இறக்கிடுங்க.

பதில் 2: அஞ்சு நிமிஷ ஸ்டார்ட் கெடுதல்தான் சார். எஞ்சின் சூடேறாது, எரியும்போது உண்டாகுற நீராவி ஆயில்லயே தங்கிடும். ஓட்டினா அரை மணி நேரம் நல்லா சூடேற ஓட்டணும், இல்லன்னா தொடவே வேண்டாம்.

ஆயிலை நிறுத்துறதுக்கு முன்னாடியே மாத்துங்க. பழைய ஆயில்ல இருக்குற அமிலம் பேரிங்கை அரிக்கும். டீசல் டேங்கை நிரப்பி வைங்க. காலி இடம் இருந்தா ஈரக்காத்து குளிர்ந்து தண்ணியா அடியில நிக்கும். திரும்ப எடுக்கும்போது டீசல் ஃபில்டர் கிண்ணத்துல தண்ணி தெரிஞ்சா முதல்ல அதை வடிச்சிடுங்க. வடிச்சப்புறம் டீசல் லைன்ல புகுந்த காத்தை வெளியேத்த (ஏர் எடுக்க) மறந்தா எஞ்சின் விட்டு விட்டு ஓடி நின்னுடும்.

பதில் 3: பேட்டரி கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது அது கடைசியில. முழு சார்ஜ்ல சுமார் 12.6 வோல்ட் காட்டணும், 12.4-க்குக் கீழ இறங்கினா சார்ஜ் போடுங்க. சைலன்சர் வாயை மூடுங்க, எலி வயரைக் கடிச்சிருக்கான்னும் பாருங்க.